செட்டியார் தெருவும் முகாமைக் கல்வியும்

முகாமை என்னும் சொல் இன்று நம் இளைஞர் நாவிலே சர்வசாதாரணமாக வழங்குகின்றது. முகாமைத்துவ டிப்ளோமா, வணிக முகாமை முதுமாணிப் பட்டம் என்று அழைக்கும் விளம்பரப் பலகைகள் வெள்ளவத்தையிலும் உண்டு, கொட்டாஞ்சேனையிலும் உண்டு. உயர்தர வகுப்பிலே வர்த்தகம் படித்த மாணவன் அடுத்த படியாக நாடுவது இக்கல்வியையே. பெற்றோரும் இதற்கென வருந்திப் பொருள் சேர்க்கின்றனர். இது வரவேற்கத் தக்கதே.

ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. இப்பள்ளிகளும் பட்டங்களும் தோன்றுவதற்கு முன்னே, கடல் கடந்து பல நாடுகளிலே பெருவாணிபம் நடத்திய தமிழர் இத்தொழிலை எங்கே கற்றனர்? யார் கற்பித்தார்? எவ்வளவு காலம் கற்றனர்? இதற்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து கால்நடையாகவே சென்றடையக் கூடிய செட்டியார் தெருவிலே அவ்விடை கிடக்கின்றது. இன்று நகைக்கடைகளாலே பெயர் பெற்ற அத்தெரு, ஒரு காலத்திலே முகாமைக் கல்வி நடந்த பாடசாலையுமாகும். அப்பாடசாலையின் வரலாற்றையும், அது கற்பித்ததையும், கற்பிக்கத் தவறியதையும் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளிக்கூடத்து முகாமைக் கல்வி

முதலில் உலக வழக்கைச் சிறிது பார்ப்போம். வணிகத்தைப் பள்ளியிலே வைத்துக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. பாரிஸ் நகரிலே 1819ஆம் ஆண்டிலே ஓர் உயர்தர வணிகப் பள்ளி தோன்றியது. அமெரிக்காவிலே 1881இல் பிலடெல்பியாவில் வார்ட்டன் பள்ளியும், 1908இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து வணிகப் பள்ளியும் தோன்றின. இந்தியாவிலே 1886இல் சென்னையில் பச்சையப்பர் அறநிலையத்தார் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினர். பின்னர் 1953இல் கல்கத்தாவிலும், 1956இல் ஹைதராபாத்திலும் முகாமைப் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய முகாமை நிறுவனங்கள் இரண்டு நிறுவப்பட்டன.

இலங்கையிலோ இக்கல்வி சற்றுப் பிந்தியே வேரூன்றியது. 1959இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வித்தியோதயா, பிற்காலத்திலே ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் என்னும் பெயருடன் இத்துறையிலே சிறப்புற்றது. 1968இல் தேசிய வியாபார முகாமைத்துவ நிறுவகத்தின் பணி ஆரம்பமாயிற்று. 1986இல் முகாமைத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் தோன்றியது. ஆகவே, நம் நாட்டிலே பள்ளிக்கூடத்து முகாமைக் கல்விக்கு வயது ஓர் ஆயுட்காலத்திற்கு மேற்படாது. செட்டியார் தெருவின் பாடசாலைக்கோ நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

செட்டியார் தெரு

நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டிமார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, ஆங்கிலேயர் ஆட்சி இலங்கையில் நிலைபெற்று வந்த காலத்திலே, கொழும்பிலே கடை வைக்கத் தொடங்கினர். இவர்களை, இவர்களுக்கு முன்பே இங்கு வந்து குடியேறி இத்தீவின் மக்களாகிவிட்ட கொழும்புச் செட்டிகளோடு ஒன்றாக எண்ணி மயங்குதல் கூடாது. நகரத்தாரின் குடும்பங்கள் செட்டிநாட்டிலேயே இருந்தன. ஆடவர் மாத்திரம் வந்து தொழில் நடத்தித் திரும்பினர்.

அரிசியும் துணியும் விற்ற அவர்கள் நாளடைவிலே கடன் கொடுப்பதிலும் உண்டியல் மாற்றுவதிலும் சிறந்தனர். அக்காலத்து ஆங்கிலேய வங்கிகள் தோட்டத்துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குமே பெரும்பாலும் பணம் கொடுத்தன. உள்ளூர் வியாபாரிக்கும் காணிக்காரனுக்கும் அவ்வங்கிகளின் கதவு எளிதிலே திறக்கவில்லை. செட்டியாரை வங்கி நம்பியது. உள்ளூர் மனிதனைச் செட்டியார் நம்பினார். இவ்வாறு வங்கியிலிருந்து பெற்ற பணமும் தம் சொந்த முதலும் சேர்த்து அவர்கள் கொடுத்த கடனே, கோப்பிக் காலத்திலும் அதன் பின்னர்த் தெங்கு, றப்பர்க் காலத்திலும் இந்நாட்டவரின் முயற்சிகளுக்கு ஊட்டமாயிற்று. சட்ட அறிஞர் விக்கிரம வீரசூரிய 1973இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கின்றது.

கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று பரந்து கிடந்த இத்தொழிலை முதலாளிமார் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்தவாறே நடத்தினர். தொலைபேசி இல்லை, விமானம் இல்லை. கடிதம் போய்ச் சேர நாட்கள் பல ஆகும். அப்படியிருந்தும் கடைகள் ஒழுங்காக நடந்தன. காரணம் ஆட்களைப் பழக்கிய முறையே என்பது மிகையாகாது.

பெட்டியடிப் பையன்

இக்கல்வி வீட்டிலும் திண்ணைப் பள்ளியிலும் தொடங்கியது. எண்சுவடியை மனப்பாடம் செய்தல் முதற் பாடம். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒரு பங்கு. மா இருபதில் ஒரு பங்கு. மாகாணி பதினாறில் ஒரு பங்கு. இவற்றையும் அரைக்கால், கால், அரை, முக்கால் என்பவற்றையும் பெருக்கிச் சொல்லும் வாய்பாடுகள் சிறுவன் நாவிலே ஏறிவிடும். பதினாறு அணா கொண்ட இந்திய ரூபாவிலே ஓர் அணா என்பது மாகாணியே ஆதலின், அப்பயிற்சி வட்டிக் கணக்கிற்கு நேரே உதவியது. ஆனால் இலங்கையிலோ 1872 முதல் ரூபாவுக்கு நூறு சதம். ஆகவே அணாவிலே பழகிய பையன் கொழும்புக்கு வந்ததும் சதத்திலே நினைக்கப் பழக வேண்டியிருந்தது. ஊர் மாறினால் கணக்கும் மாறும் என்பது அவன் கடல் கடந்து கற்ற முதற் பாடங்களில் ஒன்றாயிருக்கும்.

திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை வெறுங் கிளிப்பிள்ளைப் பாடமென்று ஏளனஞ் செய்தோர் பலர். ஆனால், தமிழ்நாட்டுக் கணக்கு மரபை ஆராய்ந்த செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூலிலே, அங்கு நினைவு என்பது வெறும் சேமிப்பன்று, அதுவே கற்கும் வழி என்று காட்டியிருக்கின்றார்.

பின்னர்ப் பையன் கடைக்கு வருவான். கடையிலே மேசை நாற்காலி இல்லை. தரையிலே பாய் விரித்து, முன்னே மரப்பெட்டி ஒன்றை வைத்து, மேலாள் அமர்ந்திருப்பார். அப்பெட்டியினடியிலே இருந்து ஏவல் செய்பவனே பெட்டியடிப் பையன். அவனுக்கு மேல் அடுத்தாள். அடுத்தாளுக்கு மேல் கடையை நடத்தும் மேலாள். அவரை ஏஜெண்டு என்றும் அழைத்தனர். சமையற்காரரும் உண்டு. யாவரும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கினர். ஆதலின், கடை அடைத்த பின்னரும் பாடம் முடிவதில்லை. இரவிலே அன்றைய குறிப்பைப் பேரேட்டிலே ஏற்றும்போது, யார் தவணை தவறினார், யார் நாணயமாகக் கட்டினார் என்று மேலாளும் அடுத்தாளும் பேசுவதைப் பையன் கேட்டுக்கொண்டிருப்பான்.

பெரிய முதலாளியின் மகனும் பிறர் கடையிலே பெட்டியடியில் இருந்து தொழில் பழகுவான் என்று அச்சமூகத்தார் சொல்வதுண்டு. தந்தை கடையிலே இருந்தால் அவன் முதலாளி மகன். பிறர் கடையிலே இருந்தால் அவன் பையன். பையனாக இருந்தவனுக்கே பையன்களை நடத்தத் தெரியும் என்பது அவர்கள் கருத்து.

வீட்டிலும் இக்கல்வி நிற்கவில்லை. நகரத்தாரிடையே வேறு வைத்தல் என்றொரு வழக்கம் உண்டு. மகனுக்கு மணமானதும் அதே வீட்டிலேயே தனி அடுப்பு வைத்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் பணமும் அளந்து கொடுத்துவிடுவர். இளந் தம்பதிகள் அதற்குள்ளே ஆண்டு முழுவதும் கட்டுச்செட்டாக வாழ வேண்டும். கணவன் கடல் கடந்து சென்ற ஆண்டுகளிலே அவ்வரவு செலவை நடத்தியவள் மனைவியே. கடையிலே பெண்ணுக்கு இடமில்லை. ஆயினும் குடும்பத்தின் பொருளைக் கட்டிக் காத்த முகாமையாளர் அந்த ஆச்சிமாரே என்பதை மறத்தலாகாது.

மூன்று ஆண்டுக் கணக்கு

மேலாளின் நியமனம் பொதுவாக மூன்று ஆண்டுக்கு உரியது. அதனைக் கணக்கு என்றே சொல்வர். சம்பளச் சீட்டு எழுதிச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்து விடுவர். அது ஊரிலே குடும்பத்துக்கு ஆகும். முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் அவருக்கு முழு அதிகாரப் பத்திரம் உண்டு. மூன்று ஆண்டு முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து, இலாபத்திலே தமக்குரிய பங்கைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புவார். அவரிடத்திற்கு வேறொருவர் வருவார்.

இதனுள்ளே அடங்கிய நுட்பத்தை இளைஞர்கள் கவனித்தல் வேண்டும். முதலாவது, புதியவர் பழையவரின் பேரேட்டை ஏற்றுக்கொள்ளும்போது ஒவ்வொரு கடனையும் நல்லது, கெட்டது, ஐயத்துக்குரியது என்று மதிப்பிட வேண்டும். இதுவே ஒரு கணக்காய்வு. இரண்டாவது, மூன்று ஆண்டிற்குள்ளே கொடுத்த கடனை மூன்று ஆண்டிற்குள்ளேயே பெரும்பாலும் வசூலித்துக் காட்ட வேண்டும் ஆதலின், மேலாள் தம் முடிவின் பயனைத் தாமே காண்கின்றார். மூன்றாவது, ஊர் திரும்பியவர் ஓய்ந்திருக்கும் காலத்திலே தாம் கண்ட ஊர்ச் செய்திகளைத் தெருவிலும் கோயிலிலும் பிறரோடு பேசுகின்றார். ரங்கூன் அறிவு தேவகோட்டைக்கும், தேவகோட்டை அறிவு கொழும்புக்கும் இவ்வாறு பரவியது.

கோயிலும் இக்கல்விக்கு ஓர் இடமாயிற்று. ரங்கூனிலே செட்டிமார் மாதந்தோறும் கோயிலிலே கூடித் தமக்குள் வழங்கும் நடப்பு வட்டி வீதத்தை நிர்ணயித்தனர் என்பதை 1929-30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்துரைத்திருக்கின்றது. தெய்வ சந்நிதியிலே பேசிய சொல்லை மீறுதல் எளிதன்று. பொய்க் கணக்கு எழுதியவனுக்கு வேறொரு கடையிலும் இடமில்லை. அமெரிக்க மானிடவியலறிஞர் டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலிலே, நகரத்தாரின் உறவுமுறையும் கோயிலும் வங்கித் தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நின்றதை விளக்கியிருக்கின்றார்.

சிறிது சிறிதாகச் சேர்த்த அடுத்தாள் மேலாளாவார். மேலாள் தம் பங்கைச் சேர்த்துத் தாமே ஒரு விலாசம் தொடங்குவார். அதுவே அக்கல்வியின் பட்டமளிப்பு.

ஆராய்ச்சியாளர் பின்னர்க் கண்டவை

அறிஞர் உலகம் இத்தகைய கல்வியின் மதிப்பை மிகத் தாமதித்தே உணர்ந்தது. அமெரிக்க வணிகப் பள்ளிகளை ஆராய்ந்து 1959இல் கோர்டன், ஹவல் என்னும் இருவர் வெளியிட்ட அறிக்கை, அப்பள்ளிகளிலே சாத்திரீய ஆராய்ச்சி போதாது, வெறுந் தொழிற் பயிற்சியே மிகுந்திருக்கின்றது என்று கண்டித்தது. அதன்பின் அப்பள்ளிகள் கணிதத்தையும் கொள்கைகளையும் நாடி ஓடின. 2004இல் கனடாவைச் சேர்ந்த ஹென்றி மின்ட்ஸ்பேர்க் என்னும் பேராசிரியர் நேர்மாறாகக் கண்டித்தார். முகாமை என்பது கைவந்த தொழில். ஒருநாளும் ஆட்களை நடத்தியறியாத இளைஞருக்கு அதனை வகுப்பறையிலே வைத்து ஊட்டிவிட முடியாது என்பது அவர் வாதம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதை அவர் பெருநூலாக எழுதினார் எனலாம்.

இடைக்காலத்திலே வேறு சில கருத்துக்களும் தோன்றின. மைக்கேல் பொலானி என்னும் அறிஞர், நாம் சொல்லத் தெரிந்ததிலும் மிகுதியாக அறிந்திருக்கிறோம் என்று விளக்கினார். கடன்காரன் வாசலிலே கால் வைத்ததும் அவன் திருப்பித் தருவானா மாட்டானா என்று மேலாளுக்குத் தோன்றும் உணர்வு இவ்வகை அறிவு. அதனை எழுதி வைக்க இயலாது. அருகிலிருந்தே பழக வேண்டும்.

1991இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்னும் இருவர் வெளியிட்ட நூல், லைபீரியா நாட்டுத் தையற்காரரிடம் தொழில் பழகும் சிறுவரை எடுத்துக்காட்டுகின்றது. அச்சிறுவர் துணி வெட்டுவதை முதலிலே கற்பதில்லை. பித்தான் தைத்தல், ஓரம் மடித்தல் முதலிய கடைசி வேலைகளிலேயே தொடங்குகின்றனர். அவற்றிலே தவறினால் இழப்புச் சிறிது. ஆனால் முடிந்த சட்டை எப்படியிருக்கும் என்பது முதல் நாளிலேயே கண்ணுக்குத் தெரிகின்றது. பின்னர்த் தைத்தலும், இறுதியிலே வெட்டுதலும் வரும். பெட்டியடிப் பையனின் ஏற்றமும் இதே ஒழுங்கில் அமைந்ததன்றோ? முதலிலே ஏவல், பின்பு பிரதி எழுதுதல், பின்பு வசூல், எல்லாவற்றிற்கும் இறுதியிலேதான் கடன் கொடுக்கும் அதிகாரம். மிகவும் அபாயமான வேலை மிகவும் பழகிய கைக்கே வந்தது.

கடை கற்பிக்காத பாடம்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு பழைய முறையே பூரணமானது என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. அம்முறை வீழ்ந்த வரலாற்றையும் கேட்டல் வேண்டும்.

1925இல் கொழும்பிலே ஒரு பெரிய செட்டியார் கடை முறிந்தது. வங்கிகள் அஞ்சி, செட்டிமாருக்குக் கொடுத்து வந்த கடனைச் சுருக்கின. அடுத்து 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேங்காய்க்கும் றப்பருக்கும் விலை விழுந்தது. கடன் வாங்கியவர் கட்ட முடியாமற் போகவே, ஈடு வைத்த தோட்டங்களும் வீடுகளும் செட்டிமார் கைக்கு வந்தன. பணமாகச் சுழல வேண்டிய முதல் மண்ணாக உறைந்தது. பர்மாவிலே இது இன்னும் பெரிய அளவிலே நிகழ்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களிலே, 1930இல் பயிர் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டிமார் கையில் இருந்தது. 1937இல் அது 25 பங்காயிற்று. 1942இல் யப்பானியர் படையெடுப்பு. 1948இல் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டம். இலங்கையிலும் 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும், குடிவரவுக் கட்டுப்பாடுகளும், 1953இன் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் மூன்று ஆண்டுக்கொருமுறை ஆள் மாற்றும் ஏற்பாட்டையே முடக்கின. செட்டியார் தெருவின் பெட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

உலகச் சந்தையையும் அரசாங்கச் சட்டத்தையும் எந்த மேலாளாலும் தடுத்திருக்க முடியாது. ஆயினும் இங்கே கற்பதற்கு ஒரு பாடம் உண்டு. 1978இல் கிறிஸ் ஆர்ஜிரிஸ், டொனால்ட் ஷோன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நிறுவனங்கள் கற்பதை இரண்டு வகையாகப் பிரித்தனர். குளிர் நாட்டு வீடுகளிலே வெப்பம் குறித்த அளவுக்குக் குறைந்தால் தானே அடுப்பை மூட்டும் கருவியொன்று உண்டு. அது தவறைத் திருத்துகின்றது. ஆனால் அந்த அளவு சரியானதா என்று அது ஒருபோதும் கேட்பதில்லை. அது முதல் வகை. அளவையே ஐயுற்று ஆராய்வது இரண்டாம் வகை.

செட்டியார் கடை முதல் வகையிலே ஈடிணையற்றது. பேரேட்டிலே ஒரு சதம் தவறினாலும் கண்டுபிடிக்கும். வராக் கடனை வசூலிக்கும் வழியைக் கற்பிக்கும். ஆனால், நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்துக்கொண்டே போகலாமா, விலை எல்லா இடத்திலும் ஒருங்கே விழுந்தால் அந்த ஈட்டை யார் வாங்குவார், நிலம் இழந்த குடியானவன் நாளை ஆட்சி பெறும்போது நம்மை எவ்வாறு நோக்குவான் என்னும் கேள்விகளுக்குப் பேரேட்டிலே பத்தி இல்லை. மேலாளின் பார்வை மூன்று ஆண்டுக்கு உட்பட்டது. கேள்வியோ முப்பது ஆண்டுக்கு உரியது. மேலும், யாவரும் ஒரே குலம், ஒரே பயிற்சி, ஒரே பேச்சு. அத்தகைய இடத்திலே நம்பிக்கை எளிதிலே வளரும். மாற்றுக் கருத்து எளிதிலே வளராது.

இதனை அச்சமூகத்திலேயே சிலர் உணர்ந்தனர் என்பதும் உண்மை. 1929இல் அண்ணாமலைச் செட்டியார் பெயரால் சிதம்பரத்திலே பல்கலைக்கழகம் எழுந்தது. 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளிலே திறந்து வைத்தார். 1947இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியிலே கல்லூரி நிறுவினார். தனிக் கடையிலே அடங்கிய அறிவைப் பொது நிறுவனமாக்க முயன்ற பெருஞ் செயல்கள் இவை. இலங்கையிலோ, சேர் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை விடுத்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.

நம்மவர் கடைகள்

இது செட்டிமார் கதை மாத்திரமன்று. 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதப் பாதை இணைந்த பின், வடக்கிலிருந்து, சிறப்பாகத் தீவுப் பகுதிகளிலிருந்து, கடை வைக்க வந்தோர் தொகை பெருகிற்று. சுருட்டுக் கடை, சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை என்று புறக்கோட்டையிலும், தென்னிலங்கைப் பட்டினங்களிலும் நம்மவர் கடைகள் விளங்கின. அங்கும் ஊரிலிருந்து வந்த பொடியன் கடையிலேயே படுத்து, சாமான் நிறுத்து, வாடிக்கையாளர் வாயிலிருந்தே சிங்களம் பழகி, கடன் கொப்பி எழுதி, மனேச்சராகி, ஒருநாள் முதலாளியானான். நம் மன்றத்துப் பெரியோர் பலர் இக்கதையைத் தம் தந்தையரிடம் கேட்டிருப்பர். சிலர் தாமே வாழ்ந்திருப்பர்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் மறைத்தலாகாது. பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதிலே தாயைப் பிரிந்து வந்து, மூட்டைகளுக்கிடையே உறங்கிய பிள்ளைகள் அவர்கள். நல்ல முதலாளியிடம் அகப்பட்டவன் தொழில் கற்றான்; கெட்ட முதலாளியிடம் அகப்பட்டவன் அடியையே கண்டான். இன்று சட்டம் பிள்ளைகளைப் பள்ளியிலே வைத்திருக்கின்றது. அது நன்றே. பழைய முறையை அவ்வாறே மீட்க வேண்டுமென்று எவரும் விரும்பார்.

ஆனால், 1983 ஆடிக் கலவரத்திலே கொழும்பிலும் பிற பட்டினங்களிலும் தமிழர் கடைகள் பல எரிந்தபோது, பொருளோடு கொப்பிகளும் பேரேடுகளும் எரிந்தன. முதலாளிமார் பலர் நாடு விட்டகன்றனர். செட்டிமார் கடையிலே நிகழ்ந்தது நம் கடையிலும் நிகழ்ந்தது. ஆளிடத்திலே மாத்திரம் தங்கியிருக்கும் அறிவு, ஆள் போகும்போது கூடவே போய்விடுகின்றது.

இளைஞரும் பெரியோரும் செய்ய வேண்டுவது

இன்று உயர்தர வகுப்பு மாணவன் பேரேடு என்றும் ஐந்தொகை என்றும் எழுதுகின்றான். இச்சொற்கள் பாடநூலுக்கு வருமுன்னே கடையிலே வழங்கியவை. எனினும் அவன் ஒரு பழைய பேரேட்டைக் கண்டிரான். அவன் கற்கும் உதாரணங்கள் அமெரிக்கக் கம்பெனிகளைப் பற்றியவை. ஹார்வர்டிலே ஒரு கம்பெனியின் உண்மைச் சிக்கலை எழுதி வைத்து, நீ அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று மாணவரைக் கேட்டுக் கற்பிக்கின்றனர். அத்தகைய கதைகள் நம்மிடம் இல்லையா? புறக்கோட்டையிலே கடன் கொடுத்துக் கடை வளர்த்தவரும், கடன் கொடுத்தே கடை இழந்தவரும், 1983இன் பின் ஒன்றுமில்லாமல் மீண்டும் தொடங்கியவரும் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். எழுதுவாரில்லாமையே குறை.

ஆதலின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையிலே இருவர் இருவராகச் சென்று, கடை நடத்திய பெரியவர் ஒருவரை அணுகுங்கள். வெற்றிக் கதையை மாத்திரம் கேளாதீர்கள். முதலிலே எந்த வேலை தந்தார்கள், எப்போது கல்லாப்பெட்டியைத் தொட விட்டார்கள், யாருக்குக் கடன் மறுத்தீர்கள், ஏன் மறுத்தீர்கள், எந்த முடிவை இன்று வேறு விதமாக எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் திகதியோடு எழுதுங்கள். பழைய பேரேடோ கொப்பியோ இருந்தால், எடைக்குப் போடு முன்னே படம் பிடித்து வையுங்கள். கடன்பட்டவர் பெயரை மாத்திரம் வெளியிடாதீர்கள். சகோதரிகளும் இதிலே சேரட்டும். வீட்டு வரவு செலவை நடத்திய தாய்மாரின் கணக்கறிவை ஆண்பிள்ளைகள் கேட்டு வாங்குதல் அரிது.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டம் பெற்று வந்த பிள்ளை, இதை ஏன் இப்படியே செய்கிறோம் என்று கேட்டால் சினவாதீர்கள். அக்கேள்வியே கடை தனக்குத் தானே கேட்கத் தெரியாமற் போன கேள்வி. கையறிவு உங்களிடம் இருக்கின்றது. கேள்வி அவர்களிடம் இருக்கின்றது. இரண்டும் ஒரு பாயிலே அமர்ந்து பேசினால், செட்டியார் தெருவின் பாடசாலையிலே நடவாத பாடமும் நம்மிடையே நடக்கும்.